கெய் கெசில் தீவில் கடலோர மனை: கையில் கிராமத் தலைவர் கடிதம் மட்டும். நம்பி இறங்கலாமா?

தென்னங்கீற்று:

இந்தோனேசியாவின் மலுகு மாநிலத்தில் கெய் தீவுக்கூட்டம். அதில் கெய் கெசில் தீவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஓஹோய். அங்கே கிராமத்தை ஓஹோய் என்றுதான் சொல்வார்கள். கடலைப் பார்த்து 30 மீட்டர், உள்ளே 40 மீட்டர், ஆக 1,200 சதுர மீட்டர் மனை விலைக்கு வருகிறது. 14 தென்னைகள் நிற்கின்றன.

விற்பவர் கையில் இருப்பது இரண்டே காகிதம்: ஓஹோய் தலைவர் கையெழுத்துப் போட்ட எஸ்.கே.டி. என்னும் நிலக் கடிதம், சில வருடங்கள் கட்டிய நில வரி ரசீது. நில அலுவலகச் சான்றிதழ் கிடையாது. "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பதிந்துகொள்ளலாம், உங்களுக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதித் தருகிறோம்" என்கிறார்கள். வாங்க நினைக்கும் எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்.

இரண்டு அறை வீடு ஒன்று கட்டி, வருடத்தில் பாதி நாள் தங்குவது திட்டம். நிலத்தில் என்ன வில்லங்கம் வரலாம், தண்ணீர், மின்சாரம், கட்டுமானம் எப்படி, நாளைக்கு விலை ஏறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எல்லைக்கல்:

முதலில் ஒன்று: முன்பணம் என்று ஒரு ரூபியாகூடக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே நான்கு சிக்கல் தெரிகிறது.

எஸ்.கே.டி. உரிமைப் பத்திரம் அல்ல. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசாணையில் இது நேராகவே எழுதியிருக்கிறது: கிராமத் தலைவரோ, சாமாத் என்னும் துணைமாவட்டத் தலைவரோ கொடுக்கும் நிலக் கடிதங்கள் பதிவின்போது ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். தனியார் வசம் இருக்கும் பழைய மரபுநில ஆவணங்களுக்கும் அதே ஆணை 5 வருடக் கெடு வைத்தது. 2021 பிப்ரவரி 2 முதல் கணக்கு. கெடு தாண்டினால் அவையும் வெறும் குறிப்புதான். வரி ரசீதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யார் வரி கட்டினார் என்பதைத்தான் அது சொல்லும், யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லாது.

இரண்டாவது, உங்கள் 40 மீட்டர் ஆழம். இந்தோனேசியாவில் கடலோரக் காப்புப் பட்டை, அவர்கள் பேச்சில் செம்படான் பந்தாய், கடல் ஏற்றத்தின் உச்சக் கோட்டிலிருந்து உள்ளே குறைந்தது 100 மீட்டர். மாவட்டத் திட்ட வரைபடத்தில் அந்தந்தக் கரைக்கு என்ன அகலம் குறித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆனால் 100 மீட்டர் என்றே வைத்துக்கொண்டால் உங்கள் மனை முழுவதும் அந்தப் பட்டைக்குள் விழுகிறது. சான்றிதழ் வாங்கினாலும் வீடு கட்ட அனுமதி வாங்க முடியாது. இன்னொரு கவனம்: அக்டோபர் வாக்கில் கெய் பகுதியில் கடல் வெகுதூரம் உள்வாங்கும், மெத்தி கெய் என்பார்கள். அந்த மாதத்தில் மனை பார்க்கப் போனால் கடல் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். அளவு எடுப்பது கடல் ஏற்றத்தின் உச்சக் கோட்டிலிருந்து. மணலில் காய்ந்த பாசியும் தேங்காய் மட்டையும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கிற கோடு எங்கே, அதற்கும் மேலே கொடி படரத் தொடங்குகிற இடம் எங்கே என்று பாருங்கள். டேப்பை அங்கே பிடியுங்கள்.

மூன்றாவது, விற்பவர் ஒருவர், சொந்தக்காரர் பலர். கெய்யில் நிலம் பெரும்பாலும் ஃபாமுக்கு, அதாவது குலத்துக்குச் சொந்தம். அதற்கு மேல் ஓஹோய், அதற்கும் மேல் அந்த வட்டாரத்து ராஜா. லார்வுல் ஙாபால் என்னும் அவர்களுடைய மரபுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பிறத்தியார் பொருளைத் தொடாதே என்பது அதில் பெரிய விதி. ஃபாமில் ஒரு கிளை ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒருநாள் காலையில் மனை வாசலில் இளந்தென்னங்குருத்தை முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். அதுதான் ஹாவேர். அதைக் கட்டிவிட்டால் அந்த இடத்தில் யாரும் கைவைக்கக் கூடாது, மேஸ்திரியும் வேலைக்கு வர மாட்டார். நீங்களாக அதை அவிழ்த்துவிட்டால் நிலத் தகராறு மரபுக் குற்றமாகிவிடும். கட்டியவரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, சடங்கோடுதான் எடுக்க வேண்டும்.

அந்த 14 தென்னைக்கும் தனிக் கணக்கு. இந்தோனேசிய மரபு நிலச் சட்டத்தில் நிலம் வேறு, அதன்மேல் நிற்பது வேறு. அப்பா நிலம் கொடுத்திருப்பார், மரம் வைத்தவர் பெரியப்பா மகனாக இருப்பார். "இந்த மரத்தில் காய் பறிப்பது யார்?" என்று மரம் மரமாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் மரம்தான் பின்னால் வழக்காகும்.

நான்காவது, அந்தத் 'தனி ஒப்பந்தம்'. அதைத் தொடவே கூடாது. 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஹக் மிலிக் என்னும் முழுச் சொந்தம் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. 26ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக்கை மாற்றும் நோக்கம் கொண்ட எந்தப் பரிவர்த்தனையும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பினாமியாக நிற்பவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் வாரிசுகளுக்கு அந்த ஒப்பந்தம் வெறும் காகிதம்.

சரி, வெளிநாட்டவருக்கு என்னதான் வழி? இரண்டு. ஹக் பகாய் என்னும் பயன்பாட்டு உரிமை ஒன்று: 30 வருடம், பிறகு 20 வருட நீட்டிப்பு, பிறகு 30 வருடப் புதுப்பிப்பு. ஒருவரின் ஹக் மிலிக் நிலத்தின்மேல் வாங்கினால் 30 வருடம், அதற்கப்புறம் சொந்தக்காரர் சம்மதித்தால்தான். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கு மாநிலவாரியாகக் குறைந்தபட்ச விலையும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் பாலியில் 500 கோடி ரூபியா, மலுகு போன்ற 'மற்ற மாநிலங்களில்' 100 கோடி ரூபியா. ஓஹோயில் எந்த வீடும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் நடைமுறையில் மிஞ்சுவது இரண்டாவது வழி: நோட்டரி முன் எழுதும் நீண்டகாலக் குத்தகை. அவர்கள் சேவா என்பார்கள்.

குத்தகையானாலும் முதலில் நிலத்துக்குச் சான்றிதழ் வேண்டும். விற்பவர், தன் பெயரில் அல்லது ஃபாமில் ஒருவர் பெயரில், ஹக் மிலிக் பதிவு செய்யட்டும். ஃபாமின் எல்லாக் கிளைகளும் கையெழுத்திட்ட மரபுரிமை விடுவிப்புக் கடிதம், ஓஹோய் தலைவர் சாட்சி, நான்கு பக்கத்து அண்டைக்காரர்களும் எல்லையில் நின்று பதோக் கல் ஊன்றி ஒப்புதல், மாவட்ட நில அலுவலகத்தின் அளவை, பிறகு 30 நாள் பொது அறிவிப்பு. ஆட்சேபம் இருந்தால் இந்த 30 நாளில் வெளியே வந்துவிடும். வரட்டும், அதற்குத்தான் அந்த அறிவிப்பு. அந்த ஓஹோய்க்கு பி.டி.எஸ்.எல். என்னும் கூட்டுப் பதிவுத் திட்டம் வருகிறதென்றால் காத்திருப்பது இன்னும் நல்லது. செலவும் குறைவு, ஊரே கூடி எல்லை பார்க்கும்.

விண்ணப்பிக்கும் முன் காட்டு வரைபடம் பார்த்துவிடுங்கள். வெளித்தீவுகளில் ஊருக்கு நடுவே இருக்கும் தோட்டம்கூட அரசு வரைபடத்தில் வனப்பகுதியாக இருக்கும். ஏ.பி.எல்., அதாவது வனமல்லாத பயன்பாட்டு நிலம், என்று குறித்த பகுதியில் இருந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். நில அமைச்சகத்தின் 'பூமி' என்னும் இணைய வரைபடத்தில், பதிவாகி வரைபடத்தில் ஏறிய மனைகள் தெரியும். உங்கள் மனை அங்கே வெற்றிடமாக இருந்தால் வரைபடத்தில் ஏறவில்லை என்று மட்டுமே அர்த்தம், ஆளில்லை என்று அர்த்தமல்ல.

---

உப்புக்காற்று:

நிலத்தைப் பற்றி எல்லைக்கல் அண்ணா சொல்லிவிட்டார். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தீவில் வீட்டின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

கெய் கெசில் தாழ்வான சுண்ணாம்புப் பாறைத் தீவு, உயர்ந்து வந்த பழைய பவளப்பாறை. மேல்மண் மெலிசு. மழை உள்ளே இறங்கி, கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கணக்கு எளிது: நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் கீழே சுமார் 4 மீட்டர் தடிமனுக்கு நன்னீர் இருக்கும், ஒன்றுக்கு நாற்பது. கிணற்றில் பெரிய மோட்டார் வைத்து 10 சென்டிமீட்டர் இழுத்தால் அடியிலிருந்து உப்புநீர் கூம்பாக மேலே ஏறும். ஏறிய உப்பு சீக்கிரம் இறங்காது, ஒரு மழைக்காலம் முழுக்கப் போகலாம். ஆகவே சின்ன பம்ப், நொடிக்கு 0.2 லிட்டர் அளவில், நீண்ட நேரம் ஓடுவதுதான் சரி.

கிணற்றைச் சோதிக்கக் கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் போதும். கோடையின் கடைசியில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பாருங்கள். 1,000 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே என்றால் நல்ல தண்ணீர். 1,500ஐத் தாண்டினால் நாக்கில் தெரியும். பிப்ரவரியில் நல்ல மழைக்கு நடுவில் எடுத்த அளவைக் காட்டி "கிணறு அருமை" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

குடிக்க, சமைக்க, குளிக்க மழைநீர். கூரை 90 சதுர மீட்டர் என்றால், சிதறலும் ஆவியும் போக, 1 மில்லிமீட்டர் மழைக்கு 72 லிட்டர் தொட்டிக்கு வரும். 200 மில்லிமீட்டர் பெய்யும் மாதத்தில் 14,400 லிட்டர். இரண்டு பேர், ஆளுக்கு 80 லிட்டர், 120 வறண்ட நாள் என்றால் 19,200 லிட்டர் சேமிப்பு வேண்டும். 5,000 லிட்டர் தொட்டி நான்கு. ஒரே பெரிய தொட்டி வேண்டாம். ஒன்றில் எலி விழுந்தாலோ விரிசல் விட்டாலோ மற்ற மூன்று காப்பாற்றும்.

முதல் மழையில் கூரை கழுவிவரும் பறவை எச்சமும் உப்பும் தொட்டிக்குள் போகக்கூடாது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வீதம் 45 லிட்டரை ஒதுக்க வேண்டும். 6 அங்குல பிவிசி குழாயை இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, அடியில் மூடியும் சொட்டுத் துளையும் வைத்தால் வேலை முடிந்தது. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும், மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பாருங்கள். வழிநீர்க் குழாய் வாய்க்கு 1 மில்லிமீட்டர் வலை கட்டுங்கள். டெங்கு கொசு இருட்டுத் தொட்டியைத்தான் தேடிவரும்.

கழிவுநீர்: கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் 10 மீட்டர் என்பது பொது விதி. ஓட்டை நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் 10 மீட்டர் போதாது, தண்ணீர் மண்ணில் வடியாமல் பாறை இடுக்கில் நேராக ஓடிவிடும். அடி மூடிய ஃபைபர் தொட்டி வையுங்கள். அண்டைவீட்டுக் கிணறு உங்கள் தொட்டிக்குக் கடல் பக்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், நிலத்தடி நீர் அந்தப் பக்கம்தான் நகரும்.

கட்டுமானத்தில் பெரிய எதிரி உப்பு. ஊரில் கடல் மணலும் பவளக் கல்லும் போட்டுக் கான்கிரீட் கலப்பது வழக்கம். கழுவாத கடல் மணலில் இருக்கும் குளோரைடு கம்பியைத் தின்றுவிடும். துரு பிடித்த கம்பி பருத்து, தூண் நெடுக்க ஒரு கோடாக வெடிக்கும். அதைப் பூசி மறைத்துப் பயனில்லை. பவளம் வெட்டுவது 2007ஆம் ஆண்டுக் கடலோர மற்றும் சிறு தீவுகள் சட்டத்தில் தடை வேறு. டுவால் துறைமுகத்தில் இறங்கும் மணல், ஜல்லிக்குச் செலவாகும் என்றாலும் அதைத்தான் வாங்க வேண்டும். கலப்பது நன்னீரில். ஒரு கனமீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஏழு. கம்பிக்கு மேல் கான்கிரீட் உறை 50 மில்லிமீட்டர். அதற்குக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சிமெண்டுக் கட்டிகளைச் செருகுவார்கள், மேஸ்திரிகள் 'தாஹு பெத்தோன்', கான்கிரீட் டோஃபு, என்பார்கள். அந்தக் கட்டிகளை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு முன்கூட்டியே வார்த்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருங்கள். ஊற்றும் நாளில் அது இல்லையென்றால் ஒரு கல்லைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கம்பியையும் எடை போடுங்கள். 10 மில்லிமீட்டர், 12 மீட்டர் நீளக் கம்பி 7.4 கிலோ இருக்க வேண்டும். 10 என்று விற்பது 6 கிலோவுக்கும் கீழே இருப்பதுண்டு.

என் கருத்து: அங்கே தரைமட்டக் கான்கிரீட் வீட்டைவிட, கான்கிரீட் அடிக்கட்டைமேல் காயு பெசி என்னும் இரும்பு மரத் தூண் நிறுத்தி, மரச் சட்டத்தில் கட்டிய வீடு நன்றாக நிற்கும். கம்பி குறைவு, உப்புக்கு இரை குறைவு. அது நிலநடுக்கப் பகுதியும்கூட. 1938 பிப்ரவரியில் பண்டா கடலில் 8.5 அளவில் ஒன்று வந்து, கெய் தீவுகள் வரை ஆழிப்பேரலை அடித்தது. லேசான கூரை, குறுக்குச் சட்டம் போட்ட சுவர், மூலைக்கு மூலை போல்ட். ஆணி போதாது. போல்டும் கூரைத் திருகும் 316 தரத் துருவேறா எஃகு. அந்தச் சில்லறைச் செலவில் மிச்சம் பிடித்தால் மூன்றாம் வருடம் கூரைத் தகடு காற்றில் தடதடக்கும்.

---

தென்னங்கீற்று:

இருவருக்கும் மிக்க நன்றி. காப்புப் பட்டைக் கணக்கை இதுவரை எனக்கு வேறு யாருமே சொல்லவில்லை. இரண்டு கேள்வி. மனைவி இந்தோனேசியக் குடிமகள். திருமண ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அவர் பெயரில் ஹக் மிலிக் வாங்கினால் சிக்கல் தீருமா? இரண்டு அறையில் ஒன்றைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?

---

சாசனம்:

மனைவி இந்தோனேசியர் என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம் சார், பாதிக் கதை மாறுகிறது. ஆனால் இப்போதிருக்கும் நிலையில் அவர் பெயரிலும் வாங்க முடியாது. ஒப்பந்தம் இல்லாத திருமணத்தில் கணவன் மனைவி சேர்க்கும் சொத்து இருவருக்கும் பொது, 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். பொதுச் சொத்தில் பாதி வெளிநாட்டவருடையது என்பதால் ஹக் மிலிக் நிற்காது. தெரிந்தோ தெரியாமலோ பதிந்துவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் கைமாற்ற வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு.

வழி இருக்கிறது. 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் 69ஆம் எண் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணத்துக்கு அப்புறமும் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதலாம். நோட்டரி முன் எழுதி, குடிமைப் பதிவு அலுவலகத்தில், முஸ்லிம் திருமணமானால் சமய விவகார அலுவலகத்தில், பதிவுசெய்ய வேண்டும். பதிந்த நகல் கையில் வந்த பிறகுதான் நிலம் வாங்கும் பத்திரம். முன்தேதி போட்ட ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம்.

அதன்பின் சாதாரணக் கொள்முதல்தான். பி.பி.ஏ.டி. என்னும் நிலப் பத்திர அதிகாரி சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்ப்பார், விற்பவர் 2.5 சதவீதம் வருமான வரி கட்டுவார், வாங்குபவர் விலக்குத் தொகை போக 5 சதவீதம் கைமாற்று வரி, பி.பி.ஏ.டி. கட்டணம் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இதில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான்.

ஒரு கண்ணி: நிலம் விவசாய நிலம் என்று பதிவாகியிருந்தால், சொந்தக்காரர் அதே கெசமாத்தானில், அதாவது துணைமாவட்டத்தில், குடியிருக்க வேண்டும் என்ற 1960களின் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. மனைவியின் அடையாள அட்டை முகவரி ஜகார்த்தாவில் இருந்தால் நில அலுவலகம் கேள்வி கேட்கும். வகை என்ன என்று முதலிலேயே பார்த்து, தேவையானால் மனைநிலமாக மாற்றச் சொல்லுங்கள்.

மனைவி முதலில் இறந்தால் உங்களுக்கு வரும் ஹக் மிலிக்கை ஒரு வருடத்துக்குள் நீங்கள் விற்கவோ வேறு உரிமையாக மாற்றவோ வேண்டும். பிள்ளைகள் இருந்தால் 18 வயதுக்குப் பின் மூன்று வருடத்துக்குள் எந்தக் குடியுரிமை என்று முடிவுசெய்ய வேண்டும். இந்தோனேசியாவைத் தேர்ந்தால் நிலம் நிற்கும். உயிலை இப்போதே எழுதிவிடுங்கள்.

வாடகை அறை: உங்கள் பெயரில் முடியாது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் என்றால் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், சின்னத் தொழில் உள்நாட்டவருக்கே. மனைவி பெயரில் ஓ.எஸ்.எஸ். என்னும் அரசின் தொழில் உரிம இணையத்தளத்தில் தொழில் எண் வாங்கிச் சிறு விடுதியாக நடத்தலாம். கட்டட அனுமதியிலும் அந்தப் பயன்பாடு இருக்க வேண்டும். பழைய ஐ.எம்.பி. அனுமதி போய் இப்போது பி.பி.ஜி. அனுமதி, அதற்கு முன் நிலப் பயன்பாட்டுப் பொருத்தச் சான்று. காப்புப் பட்டையில் இருப்பது இந்த இடத்தில்தான் மாட்டும்.

---

மலுகுவாசி:

அன்றாட வாழ்க்கை பற்றி யாரும் எழுதவில்லை, அதைச் சொல்கிறேன்.

லாங்குரில் விமான நிலையம், ஆம்போனிலிருந்து ஏ.டி.ஆர். விமானம் சுமார் ஒன்றரை மணி நேரம். டுவால் துறைமுகத்துக்கு பெல்னி கப்பல் வரும், கனமான சாமான் எல்லாம் அதில்தான். டுவாலும் லாங்குரும் பாலத்துக்கு இருபக்கம். சந்தை, வங்கி, மருத்துவமனை, நில அலுவலகம், வன்பொருள் கடை எல்லாம் அங்கேதான். ஓஹோயில் சின்னப் பெட்டிக்கடை இருக்கும், அவ்வளவுதான்.

காலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் காற்று, மழை. மே, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கிழக்குக் காற்று, வறட்சி. உங்கள் மனை மேற்குக் கரை என்பதால் கிழக்குக் காற்றுக் காலத்தில் கடல் கண்ணாடிபோல் இருக்கும். பயணிகள் எடுக்கும் படமெல்லாம் அப்போது எடுத்தவை. ஜனவரியில் அதே கரையில் அலை மணலை வாரிக்கொண்டு போகும். ஆகவே ஒரு மேற்குக் காற்றுக் காலத்தில் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வேர் வெளியே தெரிய, கடல் பக்கம் சாய்ந்து நிற்கும் தென்னைகளை எண்ணுங்கள். கரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அவை சொல்லும்.

சாப்பாடு: மீனுக்குக் குறைவில்லை. அரிசி, வெங்காயம், முட்டை எல்லாம் கப்பலில் வருவது. கப்பல் தாமதமானால் விலை ஏறும். காய்கறி குறைவு, மண் அப்படி. ஊரின் முக்கிய உணவு எம்பால், கசப்பு மரவள்ளி. அதைத் துருவி, சாறு முழுக்கப் பிழிந்து, மாவாக்கித் தகடாகச் சுடுவார்கள். பிழிவது ருசிக்காக அல்ல, சாற்றில் சயனைடு. சொந்தத் தோட்டத்தில் மரவள்ளி வைத்தால் எந்த ரகம் என்று கேட்காமல் வேகவைத்துச் சாப்பிடாதீர்கள்.

மின்சாரம்: பி.எல்.என். என்னும் அரசு மின் நிறுவனத்தின் இணைப்பு இருக்கிறதா, எத்தனை மணி நேரம் என்று வீட்டில் மாட்டியிருக்கும் மீட்டரைப் பார்த்துக் கேளுங்கள். முன்கட்டண மீட்டர், 20 இலக்க எண்ணைத் தட்டினால் யூனிட் ஏறும். தொலைவான தீவுகளில் மாலை 6 முதல் காலை 6 வரைதான் என்ற நிலையும் உண்டு. சூரிய ஒளி வைத்தால் கணக்கு: சிறு குளிர்பெட்டி 1 யூனிட், விளக்கு, விசிறி, பம்ப் 1 யூனிட். இணையத்துக்கு ஸ்டார்லிங்க் என்றால் (2024 மே முதல் இந்தோனேசியாவில் கிடைக்கிறது) இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் அதுவே 1.5 யூனிட் சாப்பிடும். பலர் விட்டுவிடும் கணக்கு அது. ஆக நாளுக்கு மூன்றரை. 450 வாட் தகடு நான்கு, 5 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. மழைக்காலத்தில் இரண்டு நாள் மேகம் நின்றால் இணையத்தை இரவில் அணைக்க வேண்டிவரும்.

மருத்துவம்: லாங்குர் மாவட்ட மருத்துவமனை வரைக்கும் சாலை உண்டு. அதற்கு மேல் என்றால் ஆம்போன் அல்லது மகாசார், விமானத்தில். இதயம், சிறுநீரகம் சார்ந்த நோய் இருப்பவர் வருடத்தில் ஆறு மாதம் அங்கே தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை ஏறுமா என்றால், அங்கே நிலத்தை வாங்குபவர் மிகக் குறைவு. சான்றிதழ் இல்லாத மனையை விற்க வருடக்கணக்கில் ஆகலாம். சான்றிதழும் சாலையும் இருந்தால்தான் சந்தை. ஊராருக்கு உண்மையான வருமானம் மீன், கொப்பரை, கடற்பாசி. கடற்பாசி 45 நாளில் அறுவடை, ஏழெட்டுக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. தண்ணீர் சூடானாலோ உப்பளவு மாறினாலோ 'ஐஸ்-ஐஸ்' என்னும் நோய் வந்து, தண்டு வெளுத்து ஒடிந்து போகும். உங்கள் மனைக்கு முன்னால் கடலில் மிதக்கும் பாட்டில் வரிசை அந்தக் கயிறுகள்தான். படகு நிறுத்த, நீந்த என்று அதை நகர்த்தச் சொல்லும் எண்ணம் இருந்தால் அந்த ஊரில் குடியேற வேண்டாம்.

---

எல்லைக்கல்:

மனைவி பெயரில் வாங்குவதானாலும், குத்தகையானாலும், இந்த 40 மீட்டர் மனையை விட்டுவிட்டு அதே ஃபாமிடம் தென்னந்தோப்புக்குப் பின்னால், 100 மீட்டருக்கு உள்ளே, இடம் கேளுங்கள். விலையும் குறையும், காற்றில் வரும் உப்பும் குறையும். கடலுக்குப் போக 2 மீட்டர் நடைபாதை உரிமையைப் பத்திரத்திலேயே அளவு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பேரன் காலம் வரை நிற்காது.

குத்தகை என்றால் பத்திரம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும், 2009ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு மொழி தெரியாவிட்டால் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் நோட்டரி முன் உட்கார வேண்டும். 25 வருடத்துக்கு எழுதினால் நீட்டிப்பு விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அப்போதே எழுதுங்கள். "அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று விட்டால் கட்டிய வீடே உங்களுக்கு எதிரான பிணையாகிவிடும். நிலச் சொந்தக்காரர் விற்றாலும் குத்தகை முறியாது, குடிமைச் சட்டம் 1576ஆம் பிரிவு காக்கும். ஆனாலும் அவர் மனைவி, வயதுவந்த பிள்ளைகள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். வாடகைக்கு 10 சதவீத இறுதி வருமான வரி உண்டு, யார் கட்டுவது, ரசீது யாரிடம் என்பதும் ஒரு வரி. தென்னை யாருடையது, காய் யாருக்கு என்பதும் ஒரு வரி.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஃபாம் விடுவிப்புக் கடிதத்தில் கடைசிக் கையெழுத்து விழுந்ததும் 10 சதவீதம், 30 நாள் அறிவிப்பு ஆட்சேபமின்றி முடிந்ததும் 30, சான்றிதழ் வந்து நோட்டரி முன் பத்திரம் முடியும் நாளில் மிச்சம். எல்லாம் வங்கி வழியாக. ஊர்ப் பெரியவர்களுக்கான மரபுக் காணிக்கையும் உண்டு, அது லஞ்சம் அல்ல. எல்லாரும் பார்க்க, கூட்டத்தில் வைத்துக் கொடுங்கள். ராஜாவின் ஆள் ஒருவர், ஓஹோய் தலைவர், ஃபாம் பெரியவர் மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டாவது ஆள் "எனக்குத் தெரியாது" என்பார். எல்லைக்கல் ஊன்றும்போது கல்லோடு அண்டைக்காரரும் தெரியும்படி ஒவ்வொரு மூலையிலும் ஒரு படம் எடுத்து, ஜிபிஎஸ் எண்ணோடு விடுவிப்புக் கடிதத்தில் இணைத்துவிடுங்கள்.